இன்னும் இரண்டு மதிப்பெண்

இனியா புள்ளியியல் தாளில் தவறிவிட்டாள் என்பது அவள் அப்பா ஐயாசாமி போனில் சொல்லித்தான் பொற்கொடிக்குத் தெரிந்தது. அந்தத் தாளைத் திருத்தியவளே பொற்கொடிதான்.

கோயமுத்தூரில் அவள் கணிதம் கற்பிக்கும், இனியா படிக்கும் கல்லூரி தன்னாட்சிக் கல்லூரி. கேள்வித்தாள், திருத்தம், முடிவு எல்லாம் உள்ளேயே நடக்கும். விடைத்தாளில் மாணவரின் பெயர் இருக்காது, பதிவு எண்ணும் இருக்காது. மாற்று எண் ஒன்று ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். ஏப்ரல் வெயிலில் பெரிய கூடத்தில் உட்கார்ந்து கட்டுக் கட்டாகத் திருத்தியவற்றில் இனியாவின் தாள் எது என்று அவளுக்குத் தெரிய வழியில்லை.

"முப்பத்தொண்ணுன்னு போட்டிருக்குது அம்மணி," என்றார் ஐயாசாமி. "நாப்பது வேணுமாமா. மத்ததெல்லாம் பாஸு. இது ஒண்ணுதான் போயிருச்சு. புள்ள காலைல இருந்து பச்சத் தண்ணி குடிக்கல."

சோமனூரில் விசைத்தறிக் குடோனுக்கு வெளியே நின்று பேசுகிறார் என்பது பின்னால் கேட்ட சத்தத்திலேயே தெரிந்தது.

"நான் என்னன்னு பாக்கறனுங்கண்ணா."

"நீ பாத்தீன்னாப் போதும். நம்மாளு நீ ஒருத்தி உள்ள இருக்கறீன்னுதான நாங்க தைரியமா இருக்கறோம்."

ஐயாசாமி பொற்கொடிக்குப் பெரியம்மா மகன். பொற்கொடியின் அப்பாவும் அம்மாவும் வால்பாறையில் தேயிலை பறித்தவர்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து அவள் மலையிறங்கி வந்தபோது விடுதியில் இடம் கிடைக்கவில்லை. அப்போதுதான் கல்யாணமாகியிருந்த ஐயாசாமி, "என்ற ஊட்டுல இருந்து படிக்கட்டும்" என்று கூட்டிவந்துவிட்டார். வீடு என்றால் ஒரே அறை. சுவருக்கு அந்தப்பக்கம் தறி ஓடிக்கொண்டே இருக்கும். புதுப்பெண்ணாக வந்திருந்த பழனியாத்தாள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. விடியும் முன்பே எழுந்து, புருஷனுக்கு ஒரு தூக்குப்போசி, பொற்கொடிக்கு ஒரு டிபன் பாக்ஸ் என்று கட்டிவைத்துவிடுவாள். மூன்று வருடப் படிப்பும் அந்த வீட்டில்தான் முடிந்தது. பல வருடம் கழித்து அவர்களுக்கு ஒரு மகள் பிறந்தபோது இனியா என்று பெயர் சொன்னவள் பொற்கொடி.

இப்போது பொற்கொடிக்கு நாற்பத்தெட்டு வயது. கல்யாணப் பேச்சு தள்ளிப்போய்க்கொண்டே இருந்து, ஒரு கட்டத்தில் கேட்பவர்களும் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். கூட இருந்த அம்மாவும் முந்தின வருடம் போய்ச் சேர்ந்துவிட்டாள். கணபதியில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருக்கிறாள். கீழே லேத் பட்டறை. பொங்கலோ ஆடி நோன்போ, போய் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட அவளுக்கு இருந்த ஒரே வீடு சோமனூர் வீடுதான்.

விடைத்தாள் நகல் வந்ததும் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஐயாசாமியும் இனியாவும் கணபதிக்கு வந்தார்கள். இனியா கணினி அறிவியல் கடைசி வருடம் முடித்திருந்தாள். சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனம் அவளை வேலைக்குத் தேர்ந்தெடுத்திருந்தது. ஜூன் முடிவதற்குள் எல்லாத் தாளிலும் தேர்ச்சி என்று காட்ட வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

பொற்கொடி டீ போட்டு வைத்துவிட்டு நகலை வாங்கிப் புரட்டினாள். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். எங்காவது தான் கவனிக்காமல் விட்டது இருக்காதா என்று மனதார ஏங்கித்தான் பார்த்தாள். ஆறாம் பக்கத்தில் அப்படி ஒன்று கிடைத்தும் விட்டது. ஒரு சின்னக் கேள்விக்குப் போட்டிருந்த இரண்டு மதிப்பெண் முன்பக்கக் கூட்டலில் ஏறவில்லை.

"இது என்ற தப்புத்தானுங்கண்ணா," என்றாள். குரலில் ஒரு சந்தோஷமே வந்துவிட்டது. "முப்பத்திமூணு வரணும். திங்கக்கிழமையே எழுதிக் குடுத்தர்றேன்."

"இன்னும் ஏழு வேணுமே," என்றார் ஐயாசாமி.

இனியா ஒரு பக்கத்தைத் திருப்பி விரலை வைத்தாள். "இதப் பாருங்க அத்தை. பத்து மார்க் கணக்கு. எல்லா ஸ்டெப்பும் போட்டிருக்கேன். ரெண்டே ரெண்டு மார்க்தான் விழுந்திருக்கு."

பொற்கொடிக்கு அந்தக் கணக்கு நினைவிருந்தது. முத்து முத்தான கையெழுத்து. அட்டவணைக்குப் பென்சிலால் கோடு. கடைசி வரியில் விடையைச் சுற்றிக் கட்டம். ஒரு பிழை கிடையாது. ஆனால் அது வேறு கணக்கின் விடை. கேள்வியில் கொடுத்திருந்தது ஒரு தறியில் பத்து நாளில் நெய்த துணியின் அளவு, கேட்டிருந்தது அதன் திட்ட விலக்கம். நாளுக்கு நாள் நெசவு எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இனியா எழுதியிருந்ததோ பாடப்புத்தகத்தில் மாதிரிக்காகப் போட்டுக் காட்டியிருந்த மின்விளக்குக் கணக்கு. எண்கள் உட்பட அப்படியே.

"இந்த நம்பரெல்லாம் எங்கிருந்து வந்துச்சு கண்ணு?"

இனியா தலையைக் குனிந்துகொண்டாள். "புக்குல இருந்து. நம்பர்தான அத்தை வேற? ஸ்டெப்பு அதேதான."

ஸ்டெப்பு அதேதான். அது பொற்கொடிக்கும் தெரிந்தது. இந்தப் பெண்ணுக்கு வழி தெரிந்திருந்து, அவசரத்தில் புத்தகத்து எண்களை எழுதியிருந்தால் அதற்காக யாரிடமும் போய்ப் பேசலாம். அந்த ஆசையில்தான் அவள் ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாள். ஐந்தே ஐந்து சின்ன எண்களை எழுதினாள்.

"இதுக்குப் போட்டுக் காட்டு. மெதுவாப் போடு. ஒண்ணும் அவசரமில்ல."

இனியா பேனாவை வாங்கிக்கொண்டாள். சூத்திரத்தை அச்சடித்தாற்போல் எழுதினாள். அட்டவணைக்குக் கோடு போட்டாள். பிறகு பேனா நின்றுவிட்டது. எந்த எண்ணை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை. முதல் கட்டத்தில் ஒன்றை எழுதி அடித்தாள். கீழே பட்டறையில் இரும்பு கடையும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஐயாசாமி மகளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கணக்குத் தெரியாது. ஆனால் தெரிந்த கை எப்படி ஓடும், தெரியாத கை எப்படி நிற்கும் என்று பார்க்கக் கணக்குத் தெரிய வேண்டியதில்லை.

அந்த நிமிஷத்தில்தான் பொற்கொடிக்குத் தான் என்ன செய்துவிட்டோம் என்று புரிந்தது. அப்பனை எதிரில் வைத்துக்கொண்டு கேட்டிருக்கக் கூடாது.

"போதும் கண்ணு. உட்டுரு," என்று தாளை இழுத்தாள்.

இனியா விடவில்லை. அழுகையை அடக்கியதில் முகம் சிவந்துபோயிருந்தது. "அஞ்சு செமஸ்டரும் இப்படித்தான் அத்தை எழுதினேன். எல்லாரும் பாஸ் போட்டாங்க. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. நீங்க மட்டும் ஏன்?"

சொல்லியிருக்க வேண்டியவர்கள் யாரும் சொல்லவில்லை என்பதுதான் உண்மை.

ஐயாசாமி எழுந்தார். "போலாம் கண்ணு," என்றார் மகளிடம். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, பொற்கொடியைப் பார்க்காமல், "அவ நல்லாப் படிக்கற புள்ளைதானுங்க," என்றார்.

அவர் அவளிடம் 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. இரண்டு டம்ளர் டீயும் ஆடை படிந்து அப்படியே இருந்தது.

திங்கட்கிழமை கூட்டல் பிழையை எழுதி எடுத்துக்கொண்டு துறைத்தலைவர் கிருபாசங்கரின் அறைக்குப் போனாள். அவர் கெட்டவர் இல்லை. மாணவர்கள் கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாதவர் என்று பெயர் வாங்கியவர்.

"இதுக்கு உங்களுக்கு மெமோ வருமே மேடம்?"

"வரட்டுங்க சார். தப்பு என்னோடதுதான."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "சரி, முப்பத்திமூணு. ரிசல்ட் போர்டுல, பாஸுக்குக் கொறையறவங்களுக்கு அஞ்சு மார்க் வரைக்கும் எப்பவும் போட்டு உடறோம். முப்பத்தஞ்சு இருந்தாப் புள்ள பாஸு. நீங்க இதே பேப்பர்ல, அந்தப் பத்து மார்க் கணக்குல ஸ்டெப்புக்கு இன்னும் ரெண்டு சேத்தி எழுதிக் குடுத்துருங்க. ஒரே கையெழுத்துல வேலை முடிஞ்சுரும்."

"புக்குக் கணக்க அப்படியே எழுதுனவங்க என்ற கட்டுல இன்னும் சில பேர் இருக்காங்க சார். எல்லாத்துக்கும் ரெண்டுதான் போட்டிருக்கேன். சேத்தறதுன்னா அவங்களுக்கும் சேத்தணும்."

"அவங்க யாரும் கேக்கலையே?"

அவர் அதை எரிச்சலில் சொல்லவில்லை. இயல்பாகச் சொன்னார். பொற்கொடிக்கு ரிஃபத் நினைவுக்கு வந்தான். அதே வகுப்பில் படித்த பையன். உக்கடத்தில் அவன் அப்பாவுக்குப் பழைய இரும்புக் கடை. முடிவு வந்த மறுநாள் மாடிப்படியில் எதிரே வந்தவன், முப்பத்திநாலு வாங்கித் தவறிவிட்டதாகச் சொன்னான். "பல்பு கணக்க எழுதிட்டு வந்துட்டனுங்க மேடம். தப்புத்தான். நவம்பர்ல எழுதிக்கறேன்," என்று ஒரு அசட்டுச் சிரிப்போடு இறங்கிப் போனான். விடைத்தாள் நகல் கேட்டு வாங்கலாம் என்பதே அவனுக்குத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். அவனுக்கு ஒரே ஒரு மதிப்பெண்தான் வேண்டும். ஆனால் அவனுக்கு உள்ளே அத்தை இல்லை.

"கேட்டவங்களுக்கு ஒண்ணு, கேக்காதவங்களுக்கு ஒண்ணுன்னு எப்படிங்க சார் போடறது? அதோட அந்தப் புள்ளைக்குக் கணக்குத் தெரியல. நான் உக்காத்தி வெச்சுப் பாத்துட்டேன்."

கிருபாசங்கர் அவள் கொடுத்த தாளைத் திருப்பி நீட்டினார். "உங்க சொந்தக்காரப் பொண்ணாமே. வேற யாராவதா இருந்தா இத்தனை யோசிப்பீங்களா? நம்மாளுக்குச் செஞ்சா நாலு பேர் பேசுவாங்கன்னு கொஞ்சம் அதிகமாவே கறாரா இருக்கறீங்களோன்னு எனக்குப் படுது."

அவள் தாளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஆனால் அந்தச் சொல் கூடவே வந்தது.

இந்தக் கல்லூரியில் சேர்ந்த புதிதில், அவள் கதவுக்கு வெளியே நிற்பது தெரியாமல் ஆசிரியர் அறையில் ஒருவர் அவளைப்பற்றிப் பேசியது காதில் விழுந்திருக்கிறது. "கோட்டாவுல சீட்டும் அவங்களுக்கு, வேலையும் அவங்களுக்கு. மார்க்கு மட்டும் சும்மாவா வந்திருக்கும், எவனாவது போட்டு உட்டிருப்பான்." அன்றிலிருந்து இன்றுவரை, கரும்பலகையில் ஒரு கணக்கைத் தொடங்கும் முன் வீட்டில் ஒருமுறை போட்டுப் பார்க்காமல் அவள் வகுப்புக்குப் போனதில்லை. அந்தப் பயம்தான் இப்போது இனியாவின் தாளின் மேல் கையை இறுக்குகிறதா? பேருந்தில் கணபதி வரும்வரை அதையே கேட்டுக்கொண்டு வந்தாள். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப்போனதுகூடத் தெரியவில்லை.

ஐயாசாமி விட்டுப்போயிருந்த நகலை வீட்டுக்கு வந்ததும் எடுத்துவைத்துக்கொண்டாள். யாரோ முன்பின் தெரியாதவருடைய தாள் என்று நினைத்துக்கொண்டு அந்தக் கணக்கைத் திருத்தினாள். இரண்டுதான் வந்தது. தன் வயிற்றில் பிறந்த பெண்ணின் தாள் என்று நினைத்துக்கொண்டு திருத்தினாள். அப்போதும் இரண்டுதான் வந்தது. சூத்திரத்துக்கு இரண்டு. அதற்கு மேல் அந்தப் பக்கத்தில் கேள்விக்குப் பதில் என்று எதுவும் இல்லை.

மறுநாள் முப்பத்திமூன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

எப்படியோ விஷயம் சோமனூருக்குப் போய்விட்டது. துறைத்தலைவரே வழி சொல்லியும் பொற்கொடி மாட்டேன் என்று சொல்லிவிட்டாள் என்று. இனியா நேரில் போய்க் கிருபாசங்கரைப் பார்த்திருக்கலாம். அவர் நடந்ததைச் சொல்லியிருக்கலாம். அந்த வாரம் பழனியாத்தாள் போன் செய்தாள்.

"ரெண்டு மார்க்குத்தானாமா அம்மணி?"

"அண்ணி, அது வந்துங்க..."

"எனக்கு இந்தப் படிப்பு விசயமெல்லாம் தெரியாது. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மூணு வருசம் எங்கூட்டுல உண்டியே. உன்ற தட்டுல சோறு போடறப்ப நாங்க அளந்தா போட்டோம்?"

அந்த நாட்களில் பழனியாத்தாள் தனக்கு வைத்திருந்த சோற்றையும் சேர்த்துப் பொற்கொடியின் தட்டில் போட்டுவிட்டு, "எனக்குப் பசிக்கல அம்மணி" என்று தண்ணீர் குடித்துப் படுத்ததெல்லாம் அவளுக்குத் தெரியும். அதற்கு எதைக் கொடுத்தாலும் தகும். அவளிடம் இருப்பதில் எதைக் கேட்டாலும் கொடுத்துவிடுவாள். இது அவளுடையது இல்லை. அதை எப்படிச் சொல்வது என்று தேடிக்கொண்டிருக்கும்போதே பழனியாத்தாள் போனை வைத்துவிட்டாள்.

போர்டு கூடியது. முப்பத்திமூன்று எந்தக் கணக்கிலும் நாற்பதாகவில்லை. ஜூன் கடைசியில் அந்த நிறுவனம் இனியாவின் இடத்தை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டது. ஆசிரியர் அறையில் யாரோ அதை இன்னொருவரிடம் சொன்னார்கள், பொற்கொடியின் காதில் விழும்படி. மதியச் சாப்பாட்டுக்கு அவள் உட்காரும் மேஜையில் பக்கத்து நாற்காலிகள் ஒவ்வொன்றாக அடுத்த மேஜைக்குப் போயின. யாரும் சண்டை போடவில்லை. பார்த்தால் சிரித்தார்கள், "சாப்டீங்களா மேடம்?" என்று கேட்டார்கள். பதில் வருவதற்குள் கடந்து போய்விட்டார்கள். அவள் தன் டப்பாவை வகுப்பறைக்கே எடுத்துப்போய், காலி பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு சாப்பிடப் பழகினாள். கூட்டல் பிழைக்கான மெமோவும் வந்தது. அதற்கு ஒரு வரியில் பதில் எழுதிக் கொடுத்தாள்.

ஆடி நோன்புக்குச் சோமனூரிலிருந்து கூப்பிடவில்லை. கூப்பிடாமல் அந்த வீட்டுக்குப் போவது ஒன்றும் புதிதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை பூவும் பழமும் வாங்கிக்கொண்டு பேருந்து ஏறினாள்.

அந்த ஒற்றை அறைக்குப் பக்கத்தில் இப்போது இன்னொரு அறையும் முன்பக்கம் ஒரு கூடமும் இருந்தன. ஐயாசாமி வாசலுக்கு வந்தார்.

"வாங்க," என்றார். "வாங்க, உக்காருங்க."

வழக்கமாக அவர் "வா அம்மணி" என்பார். இல்லாவிட்டால் அவள் செருப்பைக் கழற்றும் முன்பே உள்ளே திரும்பி, "புள்ள வந்திருக்கா, சோத்தப் போடு" என்று கத்துவார். இன்று நாற்காலியைத் துண்டால் தட்டி இழுத்துப் போட்டார். பழனியாத்தாள் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "நல்லா இருக்கறீங்களா?" என்று கேட்டாள். வரன் பார்க்க வந்தவர்களிடம் பேசுவதுபோல் இருந்தது. இந்த ஊர்க்காரர்கள் கோபத்தில் வையமாட்டார்கள். மரியாதையைக் கூட்டிக்கொண்டே போவார்கள்.

"இனியா இல்லீங்களாண்ணா?"

"தூங்கறாளுங்க. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில ஆபீஸ் வேலைக்குப் போறா. ஞாயித்துக்கெழம ஒருநாள்தான் தூக்கம்."

உள்ளறையிலிருந்து இனியா யாரிடமோ போனில் பேசும் குரல் கேட்டது. பொற்கொடி அதைக் கேட்காததுபோல் இருந்தாள். ஐயாசாமியும் கேட்காததுபோல் இருந்தார்.

"நவம்பர்ல எழுதறப்ப பாஸாயிறணுங்கண்ணா. நான் ஞாயித்துக்கெழமைல இங்க வந்து சொல்லித் தாரேன். இல்லீன்னா அவ கணபதிக்கு வரட்டும்."

"எதுக்குங்க உங்களுக்குச் சிரமம்?"

"எனக்கென்னங்கண்ணா சிரமம்?"

"இல்லீங்க, வேண்டாங்க. புள்ள பாத்துக்குவா." பேச்சை அதோடு முடித்துவிட்டுத் தறியைப் பார்க்கப் போகவேண்டும் என்பதுபோல் எழுந்து நின்றார்.

பொற்கொடியும் எழுந்தாள். உள்ளறைப் பக்கம் பார்த்து, "அன்னிக்கி உங்கப்பா முன்னாடி வெச்சு நான் உன்னக் கேட்டிருக்கக் கூடாது கண்ணு. அது தப்புத்தான்," என்று கொஞ்சம் உரக்கவே சொன்னாள். போன் பேச்சு நின்றது. யாரும் வெளியே வரவில்லை.

இந்த வீட்டிலிருந்து அவள் எப்போது கிளம்பினாலும் பை கனக்கும். முறுக்கு, முருங்கைக்காய், அரைத்த மசால்பொடி என்று எதையாவது திணித்து அனுப்புவாள் பழனியாத்தாள். இன்று பூவையும் பழத்தையும் எடுத்து வைத்துவிட்டு, வெறும் பையை நாலாக மடித்துக் கையில் கொடுத்தாள்.

"போயிட்டு வாரனுங்க," என்றாள் பொற்கொடி.

"சரிங்க," என்றாள் பழனியாத்தாள்.

செப்டம்பரில் ஒருநாள் சாயங்காலம், கல்லூரியிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது போன் ஒலித்தது. இனியாவின் எண்ணிலிருந்து வாட்ஸாப்பில் ஒரு படம் வந்திருந்தது. தாளில் எழுதிய ஒரு கணக்கு, பாதியில் நின்றிருந்தது. நின்ற இடத்தில் பேனாவால் ஒரு கேள்விக்குறி. வேறு ஒரு சொல் இல்லை. அத்தை என்றோ மேடம் என்றோ எதுவும் இல்லை.

ஈரக்கையோடு பொற்கொடி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நலமா என்று கேட்கலாமா, அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்கலாமா என்று தோன்றியதையெல்லாம் தட்டச்சு செய்து அழித்தாள். கடைசியில், "மூன்றாவது வரியில் கழித்தது எதிலிருந்து?" என்று மட்டும் எழுதி அனுப்பினாள்.

அரைமணி கழித்துத் திருத்திய கணக்கு வந்தது. சரியாக இருந்தது. பொற்கொடி அதே கணக்கின் எண்களை மாற்றி எழுதிப் படம் எடுத்து அனுப்பினாள். அதற்கு அன்று பதில் வரவில்லை. மறுநாள் மாலை வந்தது, இரண்டு இடத்தில் தப்பாக.

அப்படியே போயிற்று. இனியா வேலை முடிந்து திருப்பூரிலிருந்து வரும் பேருந்தில் உட்கார்ந்து எழுதுகிறாள் என்பது சில தாள்களில் கோடுகள் குதிப்பதைப் பார்த்தால் தெரிந்தது. சில நாள் கணக்கு வரும், சில நாள் வராது. வந்தால் பொற்கொடி சோற்று உலை வைத்த அடுப்பைக்கூட அணைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவாள். விடையை ஒருமுறைகூட அவள் எழுதி அனுப்பவில்லை. கேள்வியாகவே கேட்டாள். தீபாவளி அன்றும் ஒரு கணக்கு வந்தது. 'தீபாவளி வாழ்த்து' என்று எழுதலாம் என்று நினைத்தாள். எழுதினால் இந்தக் கணக்குகளும் நின்றுவிடுமோ என்று பயந்து விட்டுவிட்டாள். சரியான விடைக்கு ஒரு டிக் போட்டு அனுப்பினாள்.

ஆரம்பத்தில் எண்களை மாற்றினாலே தடுமாறிய கை, அக்டோபர் கடைசியில் கேள்வியையே மாற்றிக் கொடுத்தாலும் ஓடத் தொடங்கியிருந்தது. ஒருநாள் இனியா பொற்கொடி அனுப்பிய கணக்கில் ஒரு எண் பொருந்தவில்லை என்று வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினாள். பொற்கொடி போட்டுப் பார்த்தாள். ஆமாம், அவள்தான் தப்பாக எழுதியிருந்தாள். அந்த மாலை முழுக்க அவளுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. அதை ஓடிப்போய்ச் சொல்ல யாராவது இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். பட்டறையில் ஆட்கள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். மறுபடி உள்ளே வந்துவிட்டாள்.

தேர்வுக்கு முந்தின நாள்வரை கணக்கு வந்தது. தேர்வு முடிந்தபின் வரவில்லை.

அந்த முறை புள்ளியியல் தாளைத் திருத்தும் வேலையைக் கிருபாசங்கர் வேறொருவருக்குக் கொடுத்திருந்தார். பொற்கொடி அதைப்பற்றிக் கேட்கவில்லை. டிசம்பர் கடைசியில் முடிவு வந்ததும் கல்லூரி இணையதளத்தில் தேடிப் பார்த்தாள். இனியாவுக்கு ஐம்பத்தெட்டு. ரிஃபத்தின் பதிவு எண்ணையும் கிருபாசங்கரிடம் கேட்டு வாங்கிப் பார்த்தாள். அவன் இந்த முறையும் தவறியிருந்தான்.

பொங்கலுக்கு முந்தின வாரம் ஐயாசாமி போன் செய்தார்.

"இனியா பாஸாயிட்டாளுங்க."

"பாத்தனுங்கண்ணா. ரொம்பச் சந்தோசமுங்க."

"தானாவேதான் படிச்சா. கம்பெனில இருந்து வந்து, சோறுகூட உங்காம உக்காந்துக்குவா. யாருகிட்டயும் ஒண்ணு போய்க் கேக்கல." அவர் குரலில் பெருமை இருந்தது. அதற்கடியில், உன்னிடம்கூட வந்து நிற்கவில்லை பார் என்பதும் இருந்தது.

அவருக்குத் தெரியாது என்று பொற்கொடிக்கு அப்போதுதான் புரிந்தது. இனியா வீட்டில் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பது இனியாவுக்கே தெரிந்த விஷயம். சொல்லிவிட்டால் என்ன என்று ஒரு கணம் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் நாளைக்கே "வா அம்மணி" என்று இந்தக் குரல் மாறினாலும் மாறும். ஆனால் இந்த மனிதருக்கு இப்போது இருக்கும் பெருமையில் பாதி போய்விடும். அந்தப் பெருமையைத்தான் அன்றைக்குத் தன் வீட்டு மேஜையில் வைத்து அவள் உடைத்திருந்தாள்.

"ஆமாங்கண்ணா," என்றாள். "தானாத்தான் படிச்சா. கணக்குப் போட்டதெல்லாம் அவதான."

"பீளமேட்டுல ஒரு சின்னக் கம்பெனில கூப்ட்டிருக்காங்க. சம்பளம் அத்தனை இல்ல. அந்தப் பெரிய கம்பெனி போனது போனதுதானுங்க."

"ஆமாங்கண்ணா. போனது போனதுதான்."

தறிச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. பண்டிகையைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று அவள் காத்திருந்தாள்.

"அண்ணி நல்லா இருக்காங்களாண்ணா?"

"இருக்கறாளுங்க. சரிங்க, வெச்சர்றேன்."

பொங்கலன்று பட்டறைக்கு விடுமுறை. தெருவில் கரும்புச் சக்கை கிடந்தது. எதிர்வீட்டில் குழந்தைகள் கத்திக்கொண்டிருந்தன. இரும்புச் சத்தம் இல்லாத வீடு அவளுக்குப் பழக்கமில்லாததாக இருந்தது. சின்னப் பாத்திரத்தில் கொஞ்சம் பொங்கல் வைத்தாள். அம்மா படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு, சூடு ஆறுமுன்பே தனியாகச் சாப்பிட்டு முடித்தாள்.

ஏப்ரல் தேர்வுக்கு ஒரு கேள்வித்தாள் எழுதித் தர வேண்டியிருந்தது. பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு மேஜையில் உட்கார்ந்தாள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத கணக்காக இருக்க வேண்டும் என்று பால் சொசைட்டியில் தினமும் ஊற்றும் பாலை வைத்து ஒன்று எழுதினாள். எழுதிய கையோடு தானே போட்டும் பார்த்தாள். விடை தசமப் புள்ளிக்குப் பின்னால் நீண்டுகொண்டே போயிற்று. இரண்டு எண்களை அடித்துவிட்டு மாற்றினாள், இன்னொரு முறை போட்டாள். இந்த முறை முழு எண்ணாக வந்தது. தெரிந்து போடுகிற பிள்ளைக்கு, கடைசி வரிக்கு வரும்போது, சரியாகத்தான் வந்திருக்கிறோம் என்று ஒரு தைரியம் இருக்கும். அந்தக் கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு, அடுத்த கேள்விக்கு எண் போட்டாள்.